சிவப்புக் குதிரை

விஷமுறிவு மருந்துக்காக வளர்க்கும் குதிரைகளின் கொட்டிலுக்குள் கன்னியப்பன் மாமனார் வீட்டுக்குள் நுழைகிறவனைப் போல நுழைந்தான். தோளில் தொங்கிய துணிப்பையில், காலையில் வெறுங்கையால் பிடித்த விரியன் சுருண்டு கிடந்தது. போன மழைக்காலத்தில் விரியன் கடித்துச் சாகக் கிடந்தவனை மீட்டது இந்தக் குதிரைகளின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்துதான். அன்றிலிருந்து அவன் பாம்பு பிடிக்கும் கொக்கிக் கம்பியைத் தொட்டதில்லை. கேட்டால், "என் ரத்தத்துல குதிர ஓடுது. பாம்பு என்னா பண்ணும்?" என்பான்.

"எதுங்க டாக்டரம்மா, எனக்கு உசுரு குடுத்தது?"

டாக்டர் நிலோபர் ஒரு சிவப்புக் குதிரையைக் காட்டினார். "இதுவா இருக்கலாம். விஷத்தக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா, அதக் கவ்விப் பிடிக்கிற கைங்க இதோட ரத்தத்துல முளைக்கும். அதத்தான் உங்களுக்கு ஏத்தினாங்க. இரவல் கை, கன்னியப்பன். எப்பவோ கரைஞ்சு போயிருக்கும்."

"அதெல்லாம் இல்லம்மா. ஒடம்பு மறக்காது." அவன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பில் குதிரை பட்ட இடமெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்தது. டாக்டர் அவனைப் பிடித்து இழுத்தார். "மறக்கலதான். குதிரைய அன்னியன்னு ஞாபகம் வச்சிருக்கு. அடுத்த தடவ பாம்பு கடிச்சா, இந்த மருந்தையே உங்க ஒடம்பு எதிரியா பாக்கும்."

கன்னியப்பன் சிரித்தபடியே கையைச் சொறிந்தான். குதிரை தலையை நீட்டி, அவன் தோளில் புரளத் தொடங்கிய பையை மோந்து பார்த்தது.