வண்ணத்துப்பூச்சிக் கார்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் மீசை இந்த நிமிஷமே உதிர்ந்து கீழே விழட்டும்.

லீசுக்கு விட்ட கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடம் அது. அங்கே வண்டிகளைச் சோதிக்கிறவனுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பேர். காரின் மேல் எறும்பு நடந்திருந்தால் அதையும் கீறல் என்று எழுதிவிடுவான்.

அன்று உள்ளே வந்த வெள்ளைக் காரைப் பார்த்து அவனே வாயைப் பிளந்தான். கதவு, பம்பர், சக்கரத்துக்கு மேலே என்று எங்கே பார்த்தாலும் வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர். நிஜப் பூச்சிகள் நாலைந்து, ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று நினைத்துக் கூடவே பறந்து வந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியிலிருந்து ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருவர் விறைப்பாக இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி.

“தம்பி, இந்தக் கூத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் இந்த அம்மா பண்ணின வேலை. பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் ஸ்டிக்கர் ஒட்டி விளையாடறா!”

“அழகா இருந்துச்சு, ஒட்டினேன்” என்றாள் அந்த அம்மா.

“என்ன அழகு? சிக்னல்ல நின்னா, ஸ்கூல் வண்டின்னு நெனச்சுக் குழந்தைங்க ஏற வருதுங்க! இப்ப கார்ல உட்கார்ந்தாலே இவளுக்குத் தலை சுத்துதாம். வண்டியே வேணாம்னு ஒத்தைக் கால்ல நின்னா. சரி, தொலையட்டும்னு கொண்டாந்துட்டேன்.”

“எடுத்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியேதான் திருப்பித் தரணும். எல்லாத்தையும் உரிச்சாகணும்” என்றான் பூதக்கண்ணாடி.

“தாராளமா உரிங்க. அடியில பளிங்கு மாதிரி இருக்கும். காலமெல்லாம் பஸ் ஓட்டின கை தம்பி இது. எந்த வண்டி மேலயும் ஒரு கோடு விழுந்ததில்லை!”

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது.

“ஏங்க, ஆபீஸ்ல சாவியைக் கொடுத்துட்டு, அப்படியே எனக்குக் கொஞ்சம் தண்ணி வாங்கிட்டு வாங்களேன். நாக்கு வறளுது.”

அவர் நகர்ந்ததும், பூதக்கண்ணாடி பின்கதவு ஸ்டிக்கருக்குப் பசை இளகச் சூடு காட்டி மெல்ல உரித்தான். அடியில் நீளமாக ஒரு கீறல்.

பம்பரில் இருந்ததை உரித்தான். ஒரு நசுங்கல். சக்கரத்துக்கு மேலே இருந்ததை உரித்தான். பெயின்ட் போய்த் தகரம் பல்லை இளித்தது.

ஓகோ, இதுதான் சங்கதியா! கண்ட இடத்தில் இடித்துவிட்டு, மேலே பூச்சியை ஒட்டி மூடியிருக்கிறாள். ஒன்றும் தெரியாத மனுஷன் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிகிறார்! பூதக்கண்ணாடிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏம்மா, கட்டின புருஷனையே இப்படி ஏமாத்தலாமா? வரட்டும், அவர்கிட்டயே காட்டறேன்.”

“ஐயோ, வேணாம் தம்பி! திரும்ப ஒட்டிடுங்க. என்ன நஷ்டமோ அதை நான் தனியா வந்து கட்டிடறேன். அவர் கண்ணுல மட்டும் பட வேணாம்.”

“இவ்ளோ பயம் இருக்கறவங்க, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி பார்த்து எடுத்திருக்கணும்!”

அந்த அம்மா ஆபீஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது தம்பி.”

பூதக்கண்ணாடியின் கை அந்தரத்தில் நின்றது.

“அவருக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. சொன்னா ஒத்துக்க மாட்டார். இடிச்சதைப் பார்த்தார்னா மனசு ஒடிஞ்சு போயிடுவார். அதான், அவர் இறங்கிச் சுத்தி வர்றதுக்குள்ள ஒரு பூச்சியை ஒட்டிடுவேன். போன வாரம் ஒரு சைக்கிள்காரர் நூலிழையில தப்பினார். இனிமே இது ஸ்டிக்கர்ல அடங்காதுன்னு புரிஞ்சுபோச்சு. தலை சுத்துதுன்னு படுத்துட்டேன்.”

தண்ணீர் பாட்டிலோடு அவர் திரும்பி வருவதற்குள், உரித்த பூச்சிகள் மூன்றும் பழையபடி ஒட்டிக்கொண்டிருந்தன. அவசரத்தில் ஒன்று தலைகீழாக.

“என்ன தம்பி, பார்த்தீங்களா? ஏதாச்சும் தேறிச்சா?”

பூதக்கண்ணாடி கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் செருகினான்.

“ஒண்ணும் இல்லைங்கய்யா. உங்க கைக்கு ஒரு கும்பிடு.”

“கேட்டியாடி?”

“நீங்க ஓட்டின வண்டின்னா சும்மாவா?” என்றாள் அந்த அம்மா.

இரண்டு பேரும் நடந்தார்கள். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தின் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது. அவர் சட்டென்று நின்றார்.

“பள்ளம் இருக்கு, பார்த்து வா. என் கையைப் பிடிச்சுக்கோ.”

அந்த அம்மா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். புடவையைக் கொஞ்சம் தூக்கி, இல்லாத பள்ளத்தை ஜாக்கிரதையாகத் தாண்டினாள்.

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பக்கம் கையைக் காட்டிவிடாதீர்கள். அந்த மனுஷர் எனக்கு ரொம்ப வேண்டியவர்.