உளுந்து தண்டிக் காது

"நீளக் காதையே வையுங்க. அதுதான் எங்க அம்மா..."

"வேண்டாம் மேடம், தச்ச காது போதும். அவ சொல்லுததைக் கேக்காதீக..."

"அண்ணே, நீ சும்ம கிட. நாப்பது வருசமா நீ சொன்னதைத்தானே கேட்டோம்."

"ஏட்டி, அரசாங்கக் காசுட்டி இது!"

சிற்பி கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றாள்.

நாணயங்களுக்கு உருவம் செய்கிற அறை அது. செய்கிறவள் அவள். மேசைமேல் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டம். அதில், களிமண்ணில் ஒரு பெண்ணின் முகம், இடப்பக்கம் பார்த்து. நெற்றி வந்துவிட்டது. மூக்கு வந்துவிட்டது.

காதுதான் பாக்கி.

உப்பளத்துக்குக் குடிதண்ணீர் கேட்டுப் போராடிய கனியம்மாளுக்கு நூற்றாண்டு. ஐந்து ரூபாய் நாணயத்தில் முகம் வரப்போகிறது. மகன் பலவேசமும் மகள் தங்கபுஷ்பமும் மாதிரியைப் பார்த்து இன்றே கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் முகம் கிடையாது. ஓர் உப்புக் குவியலை அச்சடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இருப்பது இரண்டே படம்.

ஒன்றில் கனியம்மாளுக்கு நாற்பது வயது. பாம்படம் என்கிற காதணி போட்டு வளர்த்த காது, தோள்வரை தொங்குகிறது.

மற்றது பலவேசத்தின் கல்யாணத்தில் எடுத்தது. வளர்த்த காதை வெட்டித் தைத்து, சின்னதாய் ஒரு கம்மல்.

"பாம்படம் என்ன கனம் இருக்கும்?" என்று கேட்டாள் சிற்பி. அவள் ஊர்ப்பக்கம் அந்த வழக்கம் இல்லை.

சண்டை சட்டென்று நின்றது.

"ஒரு எலுமிச்சம்பழக் கனம்," என்றாள் தங்கபுஷ்பம்.

"ரெண்டு," என்றார் பலவேசம்.

அவள் களிமண்ணை உருட்டி, நீட்டி, வளையமாக்கிக் கன்னத்தோரம் தொங்கவிட்டாள். வட்டத்தின் ஓரத்து எழுத்தில் இடித்தது. எழுத்தை ஒதுக்கினாள். விளிம்பைவிட மேடாக நின்றால் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. மெல்லத் தட்டி அமுக்கினாள்.

"இத்தனை செய்தும், காசில் வரும்போது உளுந்து அளவுதான் இருக்கும்," என்றாள்.

"உளுந்து தண்டிக் காதுக்கா அண்ணே இந்தக் குதி குதிக்கே?"

"உளுந்தோ, உலக்கையோ. நாளைக்கு எம் பேரன் டீக்கடையில இந்தக் காசை நீட்டுவான். 'என்னல, ஒங்க பூட்டிக்குக் காதா, தூளியா'ன்னு கேப்பானுவ."

"கேக்கட்டும். சின்னப் பிள்ளையில அந்த ஓட்டைக்குள்ள வெரலை விட்டுக்கிட்டுத்தான் எங்க தாத்தா தூங்குவாருன்னு சொல்லச் சொல்லு."



பலவேசம் சிற்பியைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மெட்ராஸ் சம்பந்தம், மேடம். அவுக முன்னால எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அம்மாட்ட சொன்னேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டா. என்னை ஒரு வார்த்தை வையலை."

தங்கபுஷ்பம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"சரி. தச்சதையே வையுங்க. நான் போட்டுருதேன் கையெழுத்து. எங்க அம்மா காசுல வந்தாப் போதும்."

பலவேசம் சரியென்று தலையை ஆட்டினார்.

சிற்பி களிமண் காதில் கத்தியை வைத்தாள்.

ஒரே இழுப்பு.

காதின் கீழ்ப்பாதி, வளைந்தது வளைந்தபடி, கத்தி நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மண்தொட்டி காலடியில்தான் இருந்தது. அவள் அதில் போடவில்லை. கத்தியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வேறொன்றும் இல்லை.

"ஆஸ்பத்திரியில வெட்டினாங்களே சார், அதை என்ன பண்ணீங்க?"