புத்தகத்தில் போட்ட தடம்

கல்பாக்கத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் விஷாகா ஜீப்பை நிறுத்துகிறாள். மணலில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. சாலையில்லாத இடங்களில் ஜிபிஎஸ் பார்த்து வண்டி ஓட்டுவதற்குக் கையேடு எழுதியவள் அவள். மறுபதிப்புக்காக அதிலுள்ள பழைய தடங்களைச் சரிபார்க்க வந்திருக்கிறாள். திரையில் அவள் பதிந்த நீலக்கோடு கடல்வரை நேராகப் போகிறது. அதைப் பதிந்தது அறுவடை முடிந்த ஓர் ஆகஸ்டில். அப்போது இங்கே வெறும் மணல். இப்போது தர்பூசணிக் கொடி படர்ந்து கிடக்கிறது. கொடிகளுக்கு நடுவே, நீலக்கோடு போகிற அதே இடத்தில், அகலமான டயர் தடங்கள். நசுங்கிய பழங்களின் சிவப்பில் ஈ மொய்க்கிறது. நிலத்துக்காரர் கிருபாகரன் மண்வெட்டியோடு வருகிறார். “இன்னாம்மா, நீயும் பீச்சுக்கா? ஞாயித்துக்கெழமையானா வண்டி வந்துகினே கீது. கேட்டா புக்குல போட்டுக்கீதுன்றானுங்க.” விஷாகா திரையின் பக்கம் திரும்புகிறாள். கோட்டின்மேல் விரலை வைத்து அழுத்துகிறாள். நீக்கவா என்று திரை கேட்கிறது. நீக்குகிறாள். தோப்புக்குள் எஞ்சின் உறுமுகிறது. சிவப்பு ஜீப் ஒன்று கிளைகளை உரசிக்கொண்டு வெளியே வருகிறது. அவள் இறங்கி ஓடி, டயர் தடத்தின் நடுவில் கைகளை விரித்து நிற்கிறாள். “இது வழியில்லைங்க, திருப்புங்க.” ஓட்டி வந்தவன் அவளை ஏற இறங்கப் பார்க்கிறான். பிறகு டேஷ்போர்டிலிருந்து கையேட்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறான். “புக்லயே இருக்கு மேடம். கொஞ்சம் நகருங்க.” அட்டையில் அவள் பெயர் வெயிலில் மினுங்குகிறது.