மைனாவின் மாலைப் பேச்சு

தினமும் பொழுது சாயும் நேரத்தில் இலுப்பை மரத்தில் ஒரு மைனா பேசும். "அன்பு நெஞ்சங்களே, நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே அழகு" என்று தொடங்கினால் மரமே அமைதியாகிவிடும். ஆரம்பத்தில் நல்ல கூட்டம். காகம் தன் கறுப்பை நினைத்து அழுதது, ஆந்தை தன் முழியை நினைத்து அழுதது. அழுது முடித்து மனசு தேறியதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மைனாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது ஒரு வௌவால். அதுவும் பேச்சுக்காக வரவில்லை; அதன் குடியிருப்பே அந்த மரம்தான்.

"உனக்கு ஒரு குறையும் இல்லையா தங்கம்?" என்று மைனா கனிவாகக் கேட்டது.

"இல்லையேக்கா. பழம் கிடைக்குது, தூக்கம் வருது."

"தலைகீழாகத் தொங்குகிறோமே என்று நீ வெட்கப்படவே கூடாது."

வௌவால் தொங்கியபடியே சுற்றும்முற்றும் பார்த்தது. "தலைகீழா இருக்கிறது நானா? நீங்கள்லாம்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."

"நீதான். அதனால் என்ன, அதுவும் ஒரு அழகுதான்."

மறுநாள் வௌவால் கிளைமேல் நிமிர்ந்து நிற்கப் பார்த்து, தொப்பென்று தரையில் விழுந்தது. தத்தித் தத்தி மரமேறி வந்து, மைனாவுக்கு எதிரே முகத்தைச் சிறகுக்குள் மறைத்துக்கொண்டு தொங்கியது.

"அக்கா, நேத்து அழகுன்னு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

மைனாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 'நான் மட்டும் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் கதி என்ன ஆகியிருக்கும்' என்று நினைத்தபடி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தது.