இடது பக்கத்துப் படம்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கே தங்கராஜு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

தெங்கேராவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசைமேல் மாவு டின்கள். சுவரில் வெள்ளைத் திரை.

எடை குறைக்கும் உணவுத் திட்டத்துக்கு ஆள் சேர்க்கும் தாரணி, காகிதக் குவளையில் ஷேக் கலந்து கொடுத்தாள். நிதானமாகக் குடித்தார். டின்னைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

ஒவ்வொரு வாரமும் இப்படித்தான். குடிப்பார், படிப்பார், எதிலும் சேராமல் எழுந்து போய்விடுவார். குறைப்பதற்கு அவர் உடம்பில் எடையும் இல்லை.

இன்று அது முடியாது.

"அடுத்த வாரத்திலேர்ந்து மெம்பர் மட்டுந்தான் அங்கிள். இன்னிக்கி முடிவ சொல்லிடுங்க லா," என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

காலையில் ஷேக், மதியம் ஷேக், இரவு உள்ளங்கை அளவு கோழி. தாரணி விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்த பவானேஸ்வரி குறுக்கிட்டாள்.

"அப்ப சோத்துக்கு லீவா?"

அறையே சிரித்தது. தங்கராஜுவும் சிரித்தார். அவர் மனைவி ஜெயமணியும் வேறொரு கிளையில் இந்தத் திட்டத்தில் சேர்ந்த அன்று இதையேதான் கேட்டாளாம்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு பெண்ணின் இரண்டு படங்கள். இடது பக்கம் முன்பு. வலது பக்கம் பின்பு.

அவர் வருவது இதற்காகத்தான்.

கோலாலம்பூர் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிய படங்கள். அதில் இருப்பது ஜெயமணி என்று தாரணிக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. சொன்னால் படத்தையே எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

இடது பக்கத்தில் ஜெயமணி, ரெம்பியா பசார் மாலாம் இரவுச் சந்தையில் செண்டோல் ஐஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். மோவாயில் குலா மலாக்கா வெல்லப்பாகு. வாய் நிறையச் சிரிப்பு. எடுக்காதீங்க என்று ஒரு கையை நீட்டுகிறாள். சதையில் வளையல் அழுந்திக் கிடக்கிறது. படத்தின் மூலையில் மங்கலாக ஒரு விரல்.

தங்கராஜுவின் விரல்.

அன்று இரண்டாவது கிண்ணமும் வாங்கினாள். அவருடையதிலும் பாதியைத் தின்றாள். வீடு வரைக்கும் மோட்டார்சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தாள். வளைவுகளில் அவள் கனத்தை நம்பித்தான் அவர் வண்டியைச் சாய்த்தார்.

மெலிந்த பிறகு பழைய படங்களை அவளே கிழித்தாள். கைபேசியில் இருந்ததையும் அழித்தாள். கம்பெனிக்குக் கொடுத்த இந்த ஒன்றுதான் தப்பியது. அவர் திரையைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார். வெறும் வெளிச்சம்தான் விழுந்தது.

"இருவத்திரெண்டு கிலோ!" என்றாள் தாரணி.

எல்லாரும் வலது பக்கத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

பவானேஸ்வரி பின்னால் திரும்பினாள். "அண்ணே, நீங்க ரொம்ப நாளா வர்றீங்களாமே. நெசமாவே வேல செய்யுதா?"

"செய்யுதும்மா," என்றார். "நல்லாவே செய்யுது."

விளக்கு எரிந்தது. தாரணி உறுப்பினர் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

வீட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில், பிள்ளைகள் வலது பக்கத்துப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். டெங்கிக் காய்ச்சலில் இறந்துபோன அவளுடைய வருடத் திதிக்கும் அதற்குத்தான் மாலை போட்டார். அந்தப் படத்தில் இருப்பவளோடு அவர் ஒரு வருடம்கூட வாழவில்லை.

கையெழுத்துப் போட்டார்.

"சேந்துட்டேன்மா. அந்த இடது பக்கத்துப் படத்த மட்டும் எனக்கு அனுப்பி வைப்பியா?"