ரோஜா மெழுகுவர்த்தி

கண்ணை மூடு என்றேன். மூடிக்கொண்டாள்.

மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து, கண்ணாடிக் கிண்ணத்தோடு அவள் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

ஐந்து மாதமாக இதுதான் எங்கள் மாலை நேர வேலை. வீட்டுக்கு வந்துபோன காய்ச்சலில் என் மனைவிக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. ஒரே பூவின் வாசனையைத் தினமும் முகர்ந்தால் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். கெட்டிக்கார டாக்டர்.

அவள் ஒரு அலுவலக கேண்டீனில் சமையல்காரி. இரண்டு முறை பாலைத் தீயவிட்டாள். மாதக் கடைசி வரை பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் நான்கு நாள்தான்.

நான் டைல்ஸ் போடுகிறவன். சிமெண்டுக் கையோடு கடைக்குப் போய், ரோஜாப் படம் போட்ட பெட்டியாகப் பார்த்து வாங்கிவந்தேன். தினமும் அவள் உதட்டைப் பிதுக்குவாள். வீடே ரோஜாத் தோட்டமாக மணக்கிறது, உனக்கும் வந்துவிடும் பார் என்று நான் அளப்பேன்.

இன்று அவள் உதட்டைப் பிதுக்கவில்லை.

மூச்சை இழுத்தாள். நிறுத்தினாள். மறுபடி இழுத்தாள். மூடிய இமைகளிலிருந்து கண்ணீர் வழிந்தது.

கிண்ணம் சாய்ந்து என் விரலில் மெழுகு சிந்தியது. சுட்டதே தெரியவில்லை.

எழுந்து ஓடினாள். சோப்பை முகர்ந்தாள், வெங்காயத்தை முகர்ந்தாள், கதவில் தொங்கிய என் அழுக்குச் சட்டையை முகர்ந்து முகம் சுளித்தாள். அதைவிட அழகான முகத்தை நான் பார்த்ததில்லை. ஒரு மனுஷிக்கு உலகம் திரும்பி வருவதை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

வந்து கிண்ணத்தை என்னிடமிருந்து வாங்கி, நிதானமாக முகர்ந்தாள்.

"ரோஜான்னுதானே சொன்னீங்க? இது மல்லிகைங்க."

பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ரோஜாப் படம்தான். கடையில் உள்ளே மல்லிகையை மாற்றி வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார் என்று பெட்டியை அவளிடம் நீட்டினேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"உங்களுக்குமா? அஞ்சு மாசமாவா?"

காய்ச்சல் எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில்தான் வந்தது. அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். என் மூக்கைப் பற்றி மூச்சே விடவில்லை. டைல்ஸ் போட மூக்கு எதற்கு?

ஆமாம் என்று தலையாட்டினேன்.

என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். மெழுகுவர்த்தி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.