தினமும் அங்கே என்ன பேச்சு?

"உங்க தலைவரு சாயந்தரமானா மிராசுதார் வீட்டுக் கொல்லைக்குப் போயி உக்காந்துக்கிறாராமே, தெரியுமா?"

மனைவி தங்கம்மாள் கேட்டதும் ரெத்தினத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

திருவாரூர்ப் பக்கம் கூலிப் போராட்டம் சூடேறியிருந்த வருஷம். கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கொடுக்காமல் அரிவாளைத் தொடுவதில்லை என்று சங்கம் சொல்லிவிட்டது. மிராசுதார் கல்யாணம் ஐயரோ பிடி கொடுக்கவில்லை. பேச்சுவார்த்தை எல்லாம் முறிந்து கிடக்கிற நேரத்தில், தலைவர் இராஜாங்கத்துக்கு அங்கே என்ன மாப்பிள்ளை விருந்தா?

"விலை போயிட்டாரு!" என்றான் ரெத்தினம். சங்கத்துக்கு அவன்தான் செயலாளர்.

"அவருகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"கேக்க என்ன இருக்கு? கண்ணு இல்லையா நமக்கு?"

அன்று சாயந்தரமே பின்தொடர்ந்து போய், ஐயர் வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கினான். கையும் களவுமாகப் பிடித்து, ஊர் நடுவில் மானத்தை வாங்கிவிட வேண்டும்.

மாட்டுக் கொட்டகை ஓரமாக இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மகன்தான் பம்பாய்க்குக் கூப்பிடுறாருங்கிறீங்களே. நிலத்தை வித்துட்டுப் போயிருக்கலாமேங்க ஐயா?" இது இராஜாங்கம்.

"போகாமலா? ஒரு மாசம் இருந்து பார்த்தேன். அங்கெல்லாம் மழைன்னா குடை, அவ்வளவுதான். நல்ல மழைடான்னு யார்கிட்ட சொல்லி சந்தோஷப்படறது? ஓடி வந்துட்டேன்."

இந்தக் கதையைக் கேட்கவா வந்தோம் என்று ரெத்தினம் பல்லைக் கடித்தான். ஆனால் ஐயர் பேச்சை நிறுத்தியதும், 'அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்கண்ணே' என்று அவனுக்கே வாய் அரித்தது. கழுத்தை முன்னால் நீட்டினான். தலையில் பொலபொலவென்று வைக்கோல் சரிந்தது. நல்லவேளை, மாடுதான் இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அவ்வளவு ஆசையா ஓடி வந்த வயலுங்க. கதிர் அறுப்பில்லாம உதிர்றதை எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

ஐயர் ஒரு வைக்கோலை எடுத்து விரலில் சுற்றினார். இராஜாங்கம் அவசரப்படுத்தவில்லை.

"அரைப்படி தரேன்னு சொல்லத்தாம்ப்பா முதல் கூட்டத்துக்கே வந்தேன்" என்றார் ஐயர், மெல்ல.

வைக்கோல் போருக்குப் பின்னால் ரெத்தினம் வாயைப் பிளந்தான். மூன்று கூட்டம் தொண்டை கிழியப் பேசிக் கிடைக்காத அரைப்படி!

"அப்புறம் ஏங்க சொல்லல?" என்று கேட்டார் இராஜாங்கம்.

"எங்கே சொல்ல விட்டான்? நான் வாயைத் திறக்கறப்பல்லாம், 'நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு எங்களுக்குத் தெரியும், உக்காருங்க'ன்னு உங்க ரெத்தினம் எழுந்துண்டுடறான். எனக்கும் ரோஷம் வந்துடுத்து!"